இணையக் கடை போட்டால் இடைத்தரகர் ஒழிவாரா?

நம் இயக்கத்தின் மாதக் கூட்டங்களில் முன்பெல்லாம் பஞ்சகவ்யம், மீன் அமிலம், மக்காச்சோளத்தில் படைப்புழு என்றுதான் பேச்சு ஓடும். இப்போது இளவட்டங்கள் கேட்கிற முதல் கேள்வி வேறாக இருக்கிறது. "ஐயா, ஒரு வெப்சைட் போட்டுட்டா கமிஷன் கடைக்காரர் முகத்துல முழிக்க வேண்டாம்ல?" கேட்கிறவர்கள் மேல் தப்பில்லை. குதிரைவாலியை மூடையாகப் போடும்போது கிடைக்கிற விலையையும், அதே குதிரைவாலி அரிசி சென்னையில் அரைக்கிலோ பாக்கெட்டாக என்ன விலைக்குப் போகிறது என்பதையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கிற எந்தச் சம்சாரிக்கும் வயிறு எரியத்தான் செய்யும். நடுவில் இருக்கிற பணம் எங்கே போகிறது? அதை நாமே எடுத்துக்கொண்டால் என்ன?

அதனால்தான் இணையக் கடை போட்டுத் தருகிறோம் என்று வருகிறவர்களுக்கு ஊருக்குள் இப்போது நல்ல மரியாதை. முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று கேட்கிறார்கள். மழையை நம்பிக் கரிசலில் உழுகிற குடும்பத்துக்கு அது ஒரு பருவத்தின் உழவுக்கூலியும் விதையும். நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்களும் உண்டு. பணம் கையை விட்டுப் போவதற்கு முன்னால் சில கணக்குகளைப் பார்த்துவிட வேண்டும். வங்கியில் இருந்த காலமெல்லாம் யாவாரிகளின் வரவு செலவைப் பார்த்தவன் நான். இப்போது ஆமத்தூரில் புஞ்சை பார்க்கிறேன், கொஞ்சம் சரக்கைப் பார்சலிலும் அனுப்புகிறேன். இந்த மூன்றிலும் தெரிந்துகொண்டதை வைத்துச் சொல்கிறேன்.

கமிஷன் கடையில் நடக்கிற வேலை

விருதுநகரைப் பற்றி, விளையாத ஊரு, விலை சொல்ற ஊரு என்பார்கள். பருப்பு, வத்தல், மல்லி, எண்ணெய் இவற்றுக்கு விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் மற்ற ஊர்களில் விலை பேசுவது வழக்கம். அந்தக் கடைகளை நாம் திட்டுகிறோம். திட்ட வேண்டிய இடங்கள் இருக்கின்றன. எடையில், கழிவில், சாம்பிள் என்று அள்ளுவதில் நாம் இழந்தது கொஞ்சமில்லை. ஆனால் அங்கே நடக்கிற வேலை என்ன என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் மூடை அத்தனையையும் ஒரே நாளில் இறக்கிக்கொள்கிறார். பணத்தைக் கையில் கொடுக்கிறார், அல்லது ஒரு தவணை சொல்கிறார். தூசி தும்பு எடுக்கிறார், தரம் பிரிக்கிறார், வண்டு விழாமல் கிட்டங்கியில் வைக்கிறார். விலை இறங்கினால் அந்த நட்டம் அவர் தலையில். வாங்கின சில்லறைக் கடைக்காரர் பணம் தராமல் இழுத்தடித்தால் அந்த வாராக்கடனும் அவருக்கே. மூடையைப் பத்துக் கிலோ, ஒரு கிலோ என்று உடைத்து, பத்து ஊருக்கு லாரி பிடித்து அனுப்புவதும் அவரும் அவருக்கு அடுத்தவரும்தான்.

இணையக் கடை போட்ட அன்றைக்கு இந்த வேலைகளில் ஒன்றுகூட மறைவதில்லை. எல்லாம் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்கிறது. இடைத்தரகர் நாற்காலியில் நாம் உட்காருகிறோம், அவ்வளவுதான். அந்த நாற்காலியில் உட்கார ஆளும் நேரமும் முதலும் இருக்கிறவருக்கு அது நல்ல தொழில். இல்லாதவருக்கு, வெள்ளாமையும் கெட்டு யாவாரமும் கெட்டுப் போகும்.

இடையில் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். இந்த மாவட்டத்துப் பழைய யாவாரிகள் ஒவ்வொரு மூடைக்கும் மகமை என்று கொஞ்சம் எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலா பிடி அரிசி வாங்கி நடத்திய பள்ளி. இன்று இணையத்தில் நம்மிடம் பிடிக்கிற கமிஷனில் இருந்து ஆமத்தூருக்கு ஒரு செங்கல்லும் வராது.

இரண்டு கிலோ அரிசியின் கணக்கு

"நேரடி விற்பனைன்னா லாபம் இரட்டிப்பு" என்பது நான் அதிகம் கேட்கிற நம்பிக்கை. ஒரு உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திருப்பிச் செய்து பாருங்கள்.

குதிரைவாலியை உடைத்தால் நூறு கிலோவுக்கு அறுபது கிலோ அளவில் அரிசி வரும் என்று வைத்துக்கொள்வோம். மில்லையும் தானியத்தையும் பொறுத்து முன்பின் ஆகும். அப்படியென்றால் ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தானியம் வேண்டும். தானியம் கிலோ 36 ரூபாய் என்றால் அரிசிக்கு 60 ரூபாய். உடைகூலி, புடைக்கிற கூலி 14 ரூபாய். ஆக 74 ரூபாய்.

சென்னையில் இருந்து ஒருவர் இரண்டு கிலோ கேட்கிறார். கிலோ 140 என்று விலை வைத்திருக்கிறோம், "டெலிவரி இலவசம்" என்றும் போட்டிருக்கிறோம். வரவு 280. செலவைப் பாருங்கள். அரிசி 148. கவர், லேபிள், அட்டைப்பெட்டி, டேப் 24. கூரியர் 110. பணம் வசூலித்துத் தருகிற பேமெண்ட் கேட்வே நூற்றுக்கு 2 ரூபாய், அதற்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, ஆக 7 ரூபாய் அளவில். மொத்தம் 289. விற்று முடித்த பிறகு 9 ரூபாய் கைநட்டம். வீட்டம்மா உட்கார்ந்து பெட்டி கட்டிய நேரத்துக்கும், கூரியர் ஆபீசுக்குப் போய் வந்த பெட்ரோலுக்கும் இதில் காசு போடவில்லை.

அப்படியென்றால் கூரியரைத் தனியாக வாங்கிவிடலாமே என்பீர்கள். வாங்கலாம். வாங்குகிறவருக்கு அது 390 ரூபாய், கிலோ 195. அவர் தெருமுனைக் கடையில் அதைவிடக் குறைவாகக் கிடைக்கும்போது இரண்டாவது முறை நம்மிடம் வருவது சந்தேகம்.

அதே அரிசியை மதுரையில் ஒரு குடியிருப்பில் ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து பத்துக் கிலோவாகக் கேட்டால் கதை மாறுகிறது. கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்து 130 என்றே போடுவோம். வரவு 1,300. அரிசி 740, பத்துக் கவரும் லேபிளும் 60, லாரி செட்டில் பார்சல் 90. மொத்தம் 890. மிச்சம் 410. பணம் யுபிஐயில் நேராக வருகிறது. 2020 ஜனவரியில் இருந்து யுபிஐ வரவுக்கு வங்கி யாவாரியிடம் கட்டணம் பிடிப்பதில்லை. தானியத்தின் சந்தை விலை ஏற்கெனவே செலவில் சேர்ந்துவிட்டதால், கமிஷன் கடையில் போட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பணத்துக்கு மேல் கிலோவுக்கு 41 ரூபாய் நிற்கிறது.

இரண்டு கணக்கிலும் அரிசி ஒன்றுதான், மில் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்கப் பார்சலில் இருக்கிறது. மலிவான, எடை கூடிய பொருளைச் சிறு பொட்டலமாகத் தூரத்துக்கு அனுப்பினால் லாபத்தைக் கூரியர்காரர் எடுத்துக்கொள்வார். விலை கூடிய, எடை குறைந்த பொருள் என்றால் தாங்கும்: தேன், முருங்கைக்கீரைப் பொடி, நாட்டு விதைகள், நல்ல தரமான வத்தல் போன்றவை.

எடை குறைந்த பொருளிலும் ஒரு பொறி உண்டு. கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பல நிறுவனங்களின் வழக்கம். வருகிற எண்ணும் உண்மையான எடையும் எது கூடுதலோ அதற்குக் காசு. காய வைத்த ஆவாரம்பூ இரண்டு கிலோவை 40-க்கு 30-க்கு 30 பெட்டியில் அடைத்தால், 36,000-ஐ 5,000-ஆல் வகுத்து 7.2 கிலோ என்பார்கள். அதே பூவைப் பொடியாக்கிச் சின்னப் பெட்டியில் வைத்தால் இரண்டு கிலோவாகவே போகும். பெட்டி வாங்குவதற்கு முன்னால் அளவெடுங்கள். எண்ணெய், தேன் போன்றவற்றைப் பல கூரியர்கள் வாங்கவே தயங்குவார்கள், வாங்கினாலும் உடைந்தால் பொறுப்பேற்க மாட்டார்கள். கண்ணாடிப் பாட்டிலில் அனுப்புகிறவர்கள் இதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய முதலாளிகளையும் இந்தக் கணக்கு விட்டதில்லை. அமெரிக்காவில் வெப்வேன் என்று ஒரு நிறுவனம் 1999-இல் சான்பிரான்சிஸ்கோ பக்கம் வீட்டுக்கு வீடு மளிகை கொண்டு கொடுக்க ஆரம்பித்தது. பிரமாண்டமான கிட்டங்கிகள், சொந்த வண்டிகள், பங்குச் சந்தையில் திரட்டிய பெருந்தொகை. 2001 ஜூலையில் திவாலானது. போதிய ஆர்டர் சேர்வதற்கு முன்பே அத்தனை செலவையும் இழுத்து விட்டுக்கொண்டார்கள்.

கூட்டம் தானாக வருமா?

கடைத்தெருவில் கடை போட்டால் போகிற வருகிறவர்கள் கண்ணில் படும். இணையத்தில் கடை போடுவது நடுக்காட்டில் கடை போடுவது மாதிரி. நீங்கள் போய்க் கூப்பிட்டால்தான் ஆள் வரும். கூப்பிடுவதற்கு விளம்பரக் காசு. 3,000 ரூபாய்க்கு விளம்பரம் போட்டு ஆறு ஆர்டர் வந்தால், ஒரு ஆளைக் கூட்டிவர 500 ரூபாய். அந்த ஆள் திரும்பத் திரும்ப வாங்கினால்தான் அந்த 500 தேறும். ஒரு தடவை வாங்கிவிட்டுப் போனால் அது செலவுக் கணக்கு.

வந்தவரும் ஏன் நம்பிக் காசு போட வேண்டும்? இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஆமத்தூர் ரோட்டைப் பிடித்துப் போனால் சிவகாசி. இங்கே பாதி வீடுகளில் யாராவது ஒருவர் பட்டாசு ஆபீசுக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போனவராக இருப்பார். பட்டாசு மாதிரி இணையத்தில் விற்கத் தோதான சரக்கு வேறில்லை என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஊர்ப் பெயரே விளம்பரம், நாடு முழுக்க ஒரே நாளில் தேவை. ஆனால் 2018 அக்டோபர் 23 அன்று, அர்ஜுன் கோபால் என்ற பெயரில் நடந்த வழக்கில், இணைய வணிகத் தளங்கள் எதுவும் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கவோ விற்கவோ கூடாது, உரிமம் பெற்ற கடைக்காரர்கள் மட்டுமே விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மீறினால் நீதிமன்ற அவமதிப்பு என்றும் சொன்னது. தபாலிலும் வெடிபொருள் அனுப்ப முடியாது.

அப்படியும் ஒவ்வொரு தீபாவளிக்கும் "சிவகாசி நேரடி விலை, 80 சதவீதம் தள்ளுபடி" என்று புதுப் புதுத் தளங்கள் முளைக்கின்றன. பணத்தை வாங்கிக்கொண்டு தளத்தையே மூடிவிட்டுப் போகிறவர்கள் அதில் உண்டு. 2024 தீபாவளிக்கு முன்பும் தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. சென்னையில் இருந்தோ திருப்பூரில் இருந்தோ இப்படி ஒரு தடவை ஏமாந்தவர், விருதுநகர் மாவட்ட முகவரியோடு "முன்பணம் அனுப்பவும்" என்று நாம் எழுதியிருப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? ஏமாற்றியவன் இந்த ஊர்க்காரனே இல்லாமல்கூட இருக்கலாம். சந்தேகம் நம் மேல்தான் விழும்.

அதனால் நம் ஆட்கள் தள்ளுபடி ஆட்டத்தில் இறங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. 400 என்று போட்டு அடித்துவிட்டு 140 என்று எழுதினால், சரக்கைப் பற்றி நாம் சொல்கிற மற்ற எல்லாவற்றையும் வாங்குகிறவர் அதே கண்ணால் பார்ப்பார். முழு முகவரி, எடுத்துப் பேசுகிற ஒரு போன் நம்பர், எந்த மாதம் அறுத்தது, எந்த மில்லில் உடைத்தது என்ற விவரம் இவை போதும். முதல் தடவை கால் கிலோ மட்டும் வாங்கிப் பாருங்கள் என்று நாமே சொல்லலாம்.

பொருள் கைக்கு வந்த பிறகு பணம் என்று வைத்தால் நம்பிக்கை பிரச்சினை தீரும் என்பார்கள். அது புது யோசனை இல்லை. தபால் துறை 1877-லேயே வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. பழைய பத்திரிகைகளில் புத்தகத்துக்கும் தைலத்துக்கும் "வி.பி.பி.யில் அனுப்பப்படும்" என்று விளம்பரம் இருக்கும். அந்தக் காலத்துப் பதிப்பாளர்களைக் கேட்டால் திரும்பி வந்த பார்சல்களின் கதையைச் சொல்வார்கள். இன்றைக்கும் அதேதான். வீட்டில் ஆளில்லை, மனசு மாறிப் போச்சு என்று பெட்டி திரும்பி வந்தால், போன கூலியும் வந்த கூலியும் நமக்கு. பத்து நாள் வண்டியில் கிடந்த அரிசியைத் திரும்ப விற்கவும் மனசு வராது.

நம்ம விளைச்சலுக்கு எதுக்கு லைசென்ஸ்?

இதில் பாதி உண்மை இருக்கிறது. விளைந்ததை விளைந்தபடியே விற்கிற விவசாயியை 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் தொடுவதில்லை. தானியமாக, காயாக, பழமாக நம் கையில் இருக்கிறவரை உரிமம் தேவையில்லை. உடைத்து அரிசியாக்கினால், ஆட்டி எண்ணெயாக்கினால், அரைத்து மாவாக்கினால் நாம் உணவுத் தொழில் செய்கிறவர் ஆகிறோம். அதற்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். 2011 விதிகள் வந்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் வரைக்கும் சாதாரணப் பதிவு என்று இருந்தது, ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம். விற்பனை வரம்பைத் தாண்டினால் உரிமம். பதிவு எண் 14 இலக்கம். அது லேபிளில் இருக்க வேண்டும். 100 ரூபாய் கட்டணத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிற புரோக்கர்கள் இருக்கிறார்கள். ஊர் இ-சேவை மையத்திலோ படித்த பிள்ளைகளை வைத்தோ விண்ணப்பித்துவிடலாம்.

"இயற்கை", "ஆர்கானிக்" என்ற சொல்லைப் பற்றி நம் ஆட்கள் கவனமாக இருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு அங்கக உணவு விதிகளின்படி, அப்படிப் பெயர் போட்டு விற்க தேசிய அங்கக உற்பத்தித் திட்டச் சான்றோ பிஜிஎஸ்-இந்தியா சான்றோ வேண்டும். நமக்குச் சான்று தருவது தமிழ்நாடு அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை. ஆண்டுக்கு 12 லட்சத்துக்கு உட்பட்டு, சாப்பிடுகிறவருக்கே நேரடியாக விற்கிற சிறு விவசாயிக்கு விலக்கு உண்டு. ஆனால் ஜைவிக் பாரத் முத்திரையைப் போட முடியாது. கடைக்குக் கொடுத்தால், பெரிய தளத்தில் ஏற்றினால், சான்றைக் கேட்பார்கள். முப்பது வருசமாக உரம் போடாதவன் நான் என்று சொன்னால் கேட்க மாட்டார்கள். பத்து வீட்டுக்காரர்கள் குழுவாகச் சேர்ந்து பிஜிஎஸ் எடுத்துவிடுவது சுலபமான வழி.

பொட்டலம் கட்டிவிட்டால் எடையளவுச் சட்டமும் வருகிறது. 2011 பொட்டலப் பொருள் விதிகளின்படி பேரும் முகவரியும், பொருளின் பெயர், நிகர எடை, அடைத்த மாதம் வருடம், எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, புகார் சொல்ல ஒரு போன் நம்பர் இவ்வளவும் அச்சில் வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை, 2018 ஜனவரியில் இருந்து, வலைப்பக்கத்திலும் வாங்குகிறவர் கண்ணில் பட வேண்டும். சொந்தத் தளம் வைத்து விற்கிறவருக்கு 2020-இல் வந்த இணைய வணிக நுகர்வோர் விதிகள் வேறு இருக்கின்றன: புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு.

ஜிஎஸ்டி பற்றி இரண்டு பக்கமும் தப்பாகச் சொல்கிறார்கள். விவசாயிக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்பது ஒரு பக்கம், ஆன்லைன் என்றாலே கட்டாயம் என்பது இன்னொரு பக்கம். நிலத்தில் விளைந்ததை விற்கிற அளவுக்கு விவசாயிக்குப் பதிவு தேவையில்லை, சரி. ஆனால் அரிசி, பருப்பு வகைகளை 25 கிலோவுக்கு உட்பட்ட லேபிள் போட்ட பொட்டலமாக விற்றால் 2022 ஜூலை 18 முதல் 5 விழுக்காடு வரி உண்டு. விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்துக்குள், தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்றால் பதிவு இல்லாமல் விற்கலாம். பெரிய தளம் வழியாக விற்கிறவருக்கு முன்பு எவ்வளவு விற்றாலும் பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் மாநிலத்துக்குள் விற்கிற சிறு யாவாரிக்கு அது தளர்ந்து, ஒரு சேர்க்கை எண் போதும் என்று ஆனது. நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிற இடம் பெங்களூர். வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால் ஒரு லிட்டர் நல்லெண்ணெயாக இருந்தாலும் பதிவு வேண்டும். சொந்தக்காரர்கள் பாதிப்பேர் பெங்களூரில் இருப்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

பணம் வரும் வழி, போகும் வழி

வங்கிக்காரன் என்பதால் இதில் கொஞ்சம் கூடுதலாகவே சொல்வேன். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. பணம் அனுப்புவதற்கு மட்டும்தான் பின். "ராணுவ முகாமில் இருந்து பேசறேன், நூறு கிலோ வேணும், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் ஏறிடும்" என்று இந்தியில் பாதி தமிழில் பாதி பேசுகிறவன் வாங்க வந்தவன் இல்லை. பெரிய ஆர்டர் வந்த சந்தோசத்தில் நம் ஆள் ஸ்கேன் பண்ணிப் பின்னையும் போட்டுவிடுகிறார். அதேபோல் பணம் போட்டதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் அது ரசீது ஆகாது. உங்கள் கணக்கில் வரவு ஏறியிருக்கிறதா என்று வங்கிச் செயலியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்ட வேண்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிசமே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரம்தான். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை வீட்டில் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டுச் செலவு ஓடுகிற கணக்கிலேயே யாவாரப் பணத்தையும் போடாதீர்கள். தனியாக ஒரு கணக்கு தொடங்குங்கள். மாதக் கடைசியில் லாபமா நட்டமா என்று அந்தப் பாஸ்புக்கே காட்டிக் கொடுக்கும். கலந்துவிட்டால், பெட்டி பெட்டியாக அனுப்பினோமே, காசு எங்கே என்று தேடிக்கொண்டிருப்போம்.

கடை திறந்திருக்க வேண்டிய நாட்கள்

வானம் பார்த்த கரிசலில் ஐப்பசி மழைக்கு விதைத்துத் தையிலும் மாசியிலும் அறுக்கிறோம். இணையத்தில் வாங்குகிறவர் ஆவணியிலும் கேட்பார். வருசம் முழுக்கச் சரக்கு இருக்க வேண்டும் என்ற பயத்தில் சிலர் வெளியில் வாங்கித் தன் பெயரில் விற்கத் தொடங்குகிறார்கள். அங்கேதான் இயற்கை விவசாயியின் பெயர் கெடுகிறது. யாருடையது என்று சொல்லி விற்றால் தப்பில்லை; சொல்லாமல் விற்றால் அது கமிஷன் கடைக்காரர்கூடச் செய்யத் தயங்குகிற வேலை.

சரக்கை வருசம் முழுக்க ஓட்ட விவசாயிக்கு ஒரு வசதி உண்டு. சிறுதானியத்தை உமியோடு வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். அரிசியாக உடைத்துவிட்டால் வண்டும் சிக்கு வாடையும் சீக்கிரம் வந்துவிடும். மொத்தமாக உடைத்துப் பொட்டலம் போட்டு அடுக்காமல், வந்த ஆர்டருக்கு ஏற்ப மாதம் ஒரு தடவையோ இரண்டு தடவையோ உடைப்பது நல்லது. தீர்ந்துபோனால் "தீர்ந்துவிட்டது, அடுத்த அறுப்பு தையில்" என்று எழுதிப் போடுங்கள். மாம்பழம் ஐப்பசியில் இல்லை என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லையே.

யாருடைய கடையில் விற்பது?

பெரிய தளங்களில் சேர்ந்தால் கூட்டம் இருக்கும். கமிஷன், அனுப்பும் கட்டணம், விளம்பரக் கட்டணம் என்று பிடித்ததுபோக மிச்சம் சில நாள் கழித்து வரும். வாங்கியவரின் பெயரும் நம்பரும் உங்களிடம் தங்காது. அடுத்த தடவை அவர் உங்களைத் தேட மாட்டார், பொருளைத் தேடுவார், பக்கத்தில் இரண்டு ரூபாய் குறைவாக இருக்கிறதை எடுப்பார்.

ஓஎன்டிசி என்பதை அரசாங்கத்தின் கடை என்று பலர் நினைக்கிறார்கள். 2021 டிசம்பர் கடைசியில் லாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதிவானது அது. கடையாக இல்லாமல் சாலை மாதிரி. விற்கிறவர் ஒரு செயலியில் இருப்பார், வாங்குகிறவர் இன்னொரு செயலியில் இருப்பார், இரண்டையும் அது இணைக்கும். விற்பனைச் செயலிக்காரர் வழியாகத்தான் நாம் உள்ளே போக முடியும், அவருக்கும் கட்டணம் உண்டு. தனி விவசாயியைவிட உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் போனால் சரக்கும் ஆளும் தாங்கும்.

சொந்தத் தளம்தான் வேண்டும் என்கிறவர்கள் ஒன்றை எழுதி வாங்குங்கள். தளத்தின் பெயர், அதாவது டொமைன், உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவாக வேண்டும். கடவுச்சொல் உங்கள் கையில் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இரண்டு வருசம் கழித்துத் தளம் நின்றுபோனது. கேட்டால், பெயர் அமைத்துக் கொடுத்தவர் பெயரில் இருக்கிறது. புதுப்பிக்க அவர் சொன்ன தொகை முதலில் வாங்கியதில் பாதி. டொமைனுக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் சுற்றித்தான் ஆகும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு என் யோசனை தளத்தில் தொடங்காது. உங்களிடம் ஏற்கெனவே வாங்கிச் சாப்பிடுகிற பத்துக் குடும்பங்களின் பெயரை நோட்டில் எழுதுங்கள். பிசினஸ் வாட்ஸ்அப் இலவசம்தான். அதில் பொருள் பட்டியலும் விலையும் படத்தோடு வைக்கலாம். வாரத்தில் ஒரே நாள் மட்டும் அனுப்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை என்றால் திங்கள் இரவோடு ஆர்டர் முடிந்தது. காட்டு வேலை கெடாது, லாரி செட்டுக்கு ஒரே நடை. ஒவ்வொரு பெட்டிக்கும் வரவு, பொருள் விலை, பெட்டிச் செலவு, கூலி, மிச்சம் என்று ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள். ஒரு வருசம் எழுதிய பிறகு, அந்தப் பத்துக் குடும்பம் நாற்பது ஆகி, வாட்ஸ்அப்பில் பதில் சொல்லியே மாளவில்லை என்ற நிலை வந்தால் அப்போது தளத்துக்குப் பணம் போடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

கூட்டத்துக்கு வருகிறபோது அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பார்ப்போம். கூரியர் பில் வைத்திருக்கிறவர்கள் அதையும் சேர்த்து எடுத்து வாருங்கள். எந்த ஊருக்கு எத்தனை கிலோவுக்கு யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டால் எல்லாருக்கும் உதவும்.